மவுசாக்கலைக் கரையில் கூடாரம் போடப் போகிறீர்களா?

நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதில் மவுசாக்கலை நீர்த்தேக்கம்தான் எங்களுக்குக் கடல். இப்போது கொழும்பிலிருந்து கூட்டாளிகள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை எங்கள் பக்கம் லேசில் விடாது. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் பதுளை ரயில் ஏறி ஹட்டனில் இறங்கினால், நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு பஸ் இருக்கிறது. பாண், மாசி, மெழுகுவர்த்தி எல்லாம் டவுனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மழையில்லாத மாதங்களில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், இரவில் பனி இறங்கும். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். அதனால் போர்வையைவிடக் கீழே விரிக்கத் தடித்த பாய் முக்கியம்.

கரையோரம் சும்மா கிடக்கிற நிலம் என்று நினைக்காதீர்கள். முதலில் தோட்டத்து ஆபீசில் கேளுங்கள். அப்புறம் பக்கத்து லயத்திலும், அதாவது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளிலும், ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். நடுச்சாமத்தில் டோர்ச் வெளிச்சம் அலைந்தால் சனங்கள் பயந்துபோவார்கள். சொல்லிவிட்டால் அவர்களே நல்ல இடமும் காட்டுவார்கள், குடிக்க நல்ல தண்ணீர் வரும் பீலியும் காட்டுவார்கள். எந்தத் தண்ணீரானாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள். அணைக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

இடம் பார்க்கும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். மரத்தில் குளவிக்கூடு இருந்தால் அந்த இடமே வேண்டாம். கொழுந்து பறிக்கிற எத்தனையோ பேர் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள், உயிரும் போயிருக்கிறது. புகை பட்டால் கூடு கலையும். அதனால் அடுப்பை மரத்தடியில் மூட்டாமல் வெட்டவெளியில் மூட்டுங்கள். கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைத் தறித்துவிட்ட மலையில் காய்ந்த மிலாறு, அந்தத் தறித்த குச்சிகள், கிடக்கும். ஆனால் லயத்து அடுப்புகளுக்கும் அதுதான் விறகு, கேட்டுவிட்டு எடுங்கள்.

அடுத்தது தண்ணீர் ஏறும் கதை. ஒரு ஏப்ரலில் நானும் தம்பியும் சமதரையாக இருக்கிறதே என்று காய்ந்த சேற்றுத் திட்டில் கூடாரம் போட்டோம். பின்னேரம் மலைக்கு மேலே இடியோடு மழை. விடியும்போது பாய் நனைந்துவிட்டது, தண்ணீர் வாசலில் நின்றது. கரையில் புல் தொடங்குகிற கோட்டுக்கு மேலேதான் இப்போது போடுகிறேன்.

குளிக்க ஆசைப்படுபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: நீந்தாதீர்கள். பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் இது. இரண்டு அடி வைத்தால் முழங்கால் ஆழம், மூன்றாவது அடிக்குத் தரையே இருக்காது. அடியில் சேறும் மரக்கட்டையும் வேறு. கரையில் உட்கார்ந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மிச்சத்தைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், காட்டுப்பன்றி வரும். தேயிலைக்குள் சிறுத்தையும் உண்டு. இருட்டிய பிறகு தனியாக நடக்காதீர்கள். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும், காலில் சவர்க்காரம் தடவிக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு பாடும் எதற்கு? மேகமில்லாத இரவில் பிளேன்டியோடு, அதாவது பாலில்லாத தேத்தண்ணியோடு, வெளியே உட்கார்ந்து பாருங்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போகிற சீசன். மலையேறும் பாதையின் விளக்குகள் ஒரு கோடாக வானத்துக்கு ஏறும். எத்தனை தடவை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய மஸ்கெலியா டவுன் இந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. 1960களின் கடைசியில் அணை கட்டியபோது மூழ்கியது. வரட்சியில் தண்ணீர் நன்றாக வற்றினால் பழைய கோயில் தலைகாட்டும். என் அம்மாயி சின்னப் பிள்ளையாக விளக்கு வைத்த கோயில் அது. சேறு நன்றாகக் காய்ந்து வெடித்திருந்தால் மட்டும் கிட்டப் போங்கள். செருப்பைக் கழற்றிவிடுங்கள். சுவரில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள்.