கருப்பட்டிக்குக் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு தொழில் செய்பவர்களுக்கு விளம்பரக் கதை எழுதித் தருவது என் வேலை. செக்கு எண்ணெய், சுங்குடிச் சேலை, கடலை மிட்டாய், கருப்பட்டி என்று தென்மாவட்டச் சரக்குகள்தான் அதிகம். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தாங்கள் எழுதியதை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். பெரும்பாலும் ஆரம்பத்தில் நான் எழுதியவை மாதிரியே இருக்கும். எழுத்துப்பிழை, நீளம், ஹேஷ்டேக் பற்றி இங்கே பேசப்போவதில்லை. எழுத எழுத அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். காசையும் பெயரையும் சேர்த்துக் கெடுக்கிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

இடத்துக்குப் போகாமல் எழுதுவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதற்குத்தான். ஒரு கருப்பட்டிக் கடைக்காக ஒருவர் கார்த்திகை மாதத்தில் ஒரு விளம்பரம் எழுதினார். விடியற்காலையில் பனையேறி பதநீர் இறக்குகிறார், அவர் மனைவி அடுப்பு மூட்டுகிறார், சாயங்காலத்துக்குள் கருப்பட்டி ஆறி உங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறது. "நேற்று காய்ச்சியது, நாளை உங்கள் கையில்" என்று முடித்திருந்தார். படிக்க நன்றாகவே இருந்தது. திசையன்விளைப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் உடனே கேட்டார்: "கார்த்திகையில எந்தப் பனையில பதநீர் இறங்குது அண்ணாச்சி?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. பதநீர்க் காலம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வாக்கில் முடிந்துவிடும். அடைமழையில் வழுக்கும் மரத்தில் யார் ஏறுவது? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடையில் வாங்கியவர்களில் பலர் அந்த ஊர்களை விட்டுச் சென்னைக்கும் துபாய்க்கும் போனவர்கள். அடுத்த கேள்வி வந்தது: "அப்போ இது சீனிக் கருப்பட்டியா?" சீனிப் பாகு கலந்த சரக்கு சந்தையில் புழங்குவது ஊரறிந்த விஷயம். இவரிடம் இருந்ததோ சீசனில் வாங்கிப் பத்திரப்படுத்திய நல்ல கருப்பட்டி. அதைச் சொல்லியும் யாரும் நம்பவில்லை. ஆர்டர் கொடுத்திருந்தவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். எழுதியவருக்குக் கூலி வந்துவிட்டது. அடி வாங்கியது கடைக்காரர்.

இத்தனைக்கும் சொல்வதற்கு உண்மையான கதை அந்தக் கடையிலேயே இருந்தது. ஆடியில் வாங்கிய கருப்பட்டியை ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டிக் கொண்டுவருவது லேசான வேலை இல்லை. ஈரக்காற்று பட்டால் கசிந்துவிடும். அடுப்புப் புகை படும் பரணில் வைத்துக் காப்பாற்றுவார்கள். பழைய கருப்பட்டிதான் வேண்டும் என்று தேடி வாங்குபவர்களும் உண்டு. மழைக்காலத்தில் எங்கள் கருப்பட்டி எப்படி இருக்கிறது என்று எழுதியிருந்தால் அந்த வாடிக்கையாளரே நாலு பேருக்கு அனுப்பியிருப்பார். வாங்கியவர்களுக்கும் வீட்டில் அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்கும்.

உடன்குடிப் பக்கம் போய் ஒரு விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். குறைந்தால் புளிப்புத் தட்டும், கூடினால் ருசி கெடும். பாகு பதம் வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். அப்புறம்தான் சிரட்டையில் ஊற்றுவது. பதநீர் சுரக்கும் பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, சீவுவதற்குப் பனையேறி காலையிலும் மாலையிலும் அதே மரத்தில் ஏறி இறங்க வேண்டும். அறைக்குள் உட்கார்ந்து எழுதுபவருக்கு இதில் ஒன்றுகூடத் தோன்றாது.

போன இடத்தில் "உங்கள் பாரம்பரியத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள், மேடைப் பேச்சுதான் வரும். எப்போது சரக்கு கெடும், எதை விற்காமல் வீட்டுக்கு எடுத்து வைப்பீர்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோது ஓர் அம்மா எனக்குச் சொன்ன பதில்: "மழை வந்துட்டா கருப்பட்டி வேர்க்கும்லா. அதை யாருக்கும் கொடுக்க மாட்டோம், நாங்களே காப்பிக்குப் போட்டுக்கிடுவோம்." அந்தப் பேச்சை அவர் சம்மதத்தோடு அப்படியே விளம்பரத்தில் போட்டோம். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

முதலாளியைக் கதாநாயகன் ஆக்குவது

சிக் ஷாம்பு கதையை எல்லோரும் சொல்வார்கள். 1983-இல் சி.கே. ரங்கநாதன் 15,000 ரூபாயோடு தொழில் தொடங்கினார் என்பது பேட்டிக்குப் பொருத்தமான கதை. கிராமத்தில் ஷாம்பு பாக்கெட்டை விற்றுக் கொடுத்தது அது இல்லை. ஊருக்குள் போய் ஒரு பையனை உட்காரவைத்து, எல்லார் முன்னாலும் ஷாம்பு போட்டுத் தலையை அலசிக் காட்டினார்கள். கூடியிருந்தவர்களை முடியைத் தொட்டு, மோந்து பார்க்கச் சொன்னார்கள். ரஜினி படம் திரையிட்டு நடுவே விளம்பரம் காட்டினார்கள், இலவசப் பாக்கெட்டும் கொடுத்தார்கள். முன்னால் நின்றது சின்னப் பையன் ஒருவனின் தலைமுடி. நீங்கள் எழுதியதில் வாங்குபவருக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாளி பட்ட கஷ்டத்தை இரண்டாவது பத்திக்குத் தள்ளினாலே பல கதைகள் சரியாகிவிடும்.

எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே பாட்டி

பாட்டி நிஜமாகவே இருந்தால் அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்: எந்தப் பாத்திரம், என்ன அளவு, எதைச் சேர்க்க மறுத்தார். "கைப்பக்குவம்" என்று மட்டும் எழுதினால் பக்கத்துக் கடைப் பாட்டிக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரியாது. இல்லாத பாட்டியை உருவாக்க வேண்டாம். ஆலையில் செய்ததை "வீட்டில் செய்தது" என்று எழுதி வாங்குபவரை ஏமாற்றவும் கூடாது. 2018-இல் வந்த உணவு விளம்பர விதிமுறைகளில் அதற்குத் தடை இருக்கிறது.

ஊர்ப் பெயரை இரவல் வாங்குவது

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதாவது அந்தப் பெயர் அந்த ஊர்ப் பக்கத்துச் சரக்குக்கே உரியது. வேறு ஊர்ச் சரக்கென்றால் அந்த ஊர்ப் பெயரையே போடுங்கள்.

நோயாளிக் கதை

கூடவே கூடாது. "சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம், எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்கு..." என்று தொடங்கும் எதையும் நான் அடித்துவிடுவேன். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. இதை நம்பி ஒருவர் அளவில்லாமல் சாப்பிட்டால் பாதிப்பு அவருடைய உடம்புக்கு. தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இணையத்தில் எடுத்த படம்

மூங்கில் ஏணி சாத்திய கம்போடியப் பனையை உடன்குடி என்று போடாதீர்கள்.

விலையை மறைப்பது

விலை, எடை, அனுப்பும் செலவு மூன்றும் கதைக்குக் கீழேயே இருக்கட்டும். "விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்" என்றால் பலர் வரமாட்டார்கள்.