ஓய்வு நாளில் வியன்னா: சைக்கிள் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டான்யூப் ஆற்றோரமாக மிதித்து வருகிறவர்கள் பலரும் முதல் முழு ஓய்வை வியன்னாவில்தான் வைக்கிறார்கள். ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஏறக்குறைய 320 கிலோமீட்டர். உடம்பும் ஓய்வு கேட்கும், ஊரும் தங்கிப் பார்க்க வேண்டிய ஊர். மழைச்சட்டை மறப்பது போன்ற சில்லறை விஷயங்களை விட்டுவிடுகிறேன். புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிறவை மட்டும் இங்கே.

பழுதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் ஆத்திரம் வரும். ஆஸ்திரியாவில் கடைகளுக்குச் சனிக்கிழமை மாலை 6 மணியோடு சரி. ஞாயிறு மூடல், சட்டமே அப்படி. பெரிய ரயில் நிலையங்களில் மளிகை கிடைக்கும்; சைக்கிள் பட்டறைக்கு எங்கே போவது?

ஒரு ஞாயிறு காலை, விடுதி முற்றத்தில் ஒரு இளம் ஜோடி சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு நின்றது. பின் சக்கரத்தில், செயின் பக்கம் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்திருந்தது. சக்கரம் கோட்டமாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் இடது பிரேக் கட்டையில் உரசியது. மாற்றுக் கம்பி கையில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக் கம்பியை மாட்ட காசெட்டை, அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, கழற்ற வேண்டும், அதற்கான கருவி இல்லை. கம்பி வெள்ளிக்கிழமை, வழியில் உள்ள மெல்க் ஊரிலேயே அறுந்ததாம். "வியன்னாவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டி வந்து, சனி இரவு சேர்ந்திருக்கிறார்கள். திங்களும் பட்டறையிலேயே போயிற்று. கூடுதலாக ஒரு இரவு வாடகை, அடுத்து தங்கவிருந்த ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் கட்டிய அறைப் பணம், இரண்டும் நஷ்டம்.

வெள்ளி மாலைக்குள் ஊர் சேருங்கள். கோடையில் பட்டறைகளில் கூட்டம் இருக்கும், அதனால் வழியிலிருந்தே போன் செய்து நேரம் கேளுங்கள். ஆகஸ்ட் 15-உம் விடுமுறை, ஞாயிறு மாதிரிதான். காசெட் கழற்றும் சின்னக் கருவி ஒன்று பையில் இருக்கட்டும். எடை ஒன்றும் பெரிதில்லை.

ஊர் முழுக்க நடப்பது

மிதித்துப் பழகிய கால் நடைக்குப் பழகியிருக்காது. ஸ்டெஃபான் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படி. ஏறி இறங்கினால் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும். ஒரே இடம் போதும். மேல் பெல்வெடியர் மாளிகையில் ஓவியர் கிளிம்ட்டின் 'முத்தம்' ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தில் உட்காருங்கள். மற்றதற்கு டிராம் இருக்கிறது.

துணி

வந்து இறங்கிய மாலையே துவைத்துவிடுங்கள்.

இரவில் வண்டியைத் தெருவில் விடுவது

வேண்டவே வேண்டாம். உள்ளே வைக்க இடமில்லையென்றால் வேறு விடுதி பாருங்கள்.

வெறும் பையோடு கிளம்புவது

பிராட்டிஸ்லாவா போகும் பாதை லோபாவ் காட்டைத் தாண்டி வெள்ளத்தடுப்புக் கரைமேல் நேராக நீளும். நிழல் குறைவு, கரையில் கடையும் அரிது. எதிர்க்காற்று அடித்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம். ரொட்டியும் பழமும் முதல் நாளே வாங்கி வையுங்கள். தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம்: 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர்தான் இந்த ஊர்க் குழாய்களில் வருகிறது. பாட்டில்களை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.