பழைய கேம்பர் வேனை மலைக்கு ஏற்றும் முன்: தயாரிப்புக் குறைகளைச் சோதிக்கும் முறை

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டிய கேம்பர் வேன்களைச் செகண்ட் ஹேண்டாக வாங்கி ஊட்டிக்கும் கோத்தகிரிக்கும் ஓட்டி வரும் ஆசை பலருக்கு இருக்கிறது. வாங்க வருபவர்கள் இன்ஜினையும் டயரையும் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் மெத்தையிலும் விளக்குகளிலும் மயங்கி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த வண்டிக்குத் தயாரிப்பாளர்கள் இருவர். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டத்தையும் இன்ஜினையும் பிரேக்கையும் தொழிற்சாலையில் செய்தவர் ஒருவர். அதன்மேல் வீட்டைக் கட்டியவர் இன்னொருவர். முதலாமவர் செய்ததில் குறை தெரிந்தால் ரீகால் எனப்படும் திரும்பப் பெறும் அறிவிப்பு வரும். இரண்டாமவர் சிறிய பட்டறைக்காரராக இருந்தால் அவரிடமிருந்து எந்த அறிவிப்பையும் எதிர்பார்க்க முடியாது என்பதால், அந்தப் பாதியை வாங்குபவரே சோதித்தாக வேண்டும். கீழே சொல்லியிருப்பவற்றில், மலையில் செய்யும் சோதனை ஓட்டத்தைத் தவிர மற்றவற்றைக் கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும் முன்பே, மேட்டுப்பாளையத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யும்

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை எழுதிக்கொண்டு, வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அது 17 எழுத்துகளும் எண்களும் கொண்டது. குழப்பம் வரக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் இடம்பெறுவதில்லை. பூஜ்யம் இருக்கவேண்டிய இடத்தில் ‘ஓ’ என்று எழுதிக்கொண்டு தேடினால், ரீகால் பட்டியலில் இருக்கும் வண்டியும் இல்லாததாகவே காட்டும்.

அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள ரீகால் பக்கத்தில் இட்டுப் பாருங்கள். பிறகு அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரிலும் கேளுங்கள். இந்திய வாகன உற்பத்தியாளர்கள் சங்கம் 2012 ஜூலையில் தானாக முன்வந்து ரீகால் நடைமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. சட்டக் கட்டாயம் பிறகுதான் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110-ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி மத்திய அரசு உத்தரவிடலாம்; அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அவை பொருந்தும். அறிவிப்புக் கடிதம் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும் உரிமையாளருக்குப் போகும் என்பதால், இரண்டு மூன்று கை மாறிய வண்டியில் ‘எனக்குக் கடிதம் வரவில்லை’ என்று விற்பவர் சொல்வது உண்மையாக இருந்தாலும் அது எதையும் நிரூபிக்காது. பழுது நீக்கப்பட்டதற்கான சர்வீஸ் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து, ஆர்.சி.யில் உடற்கூட்டு வகை என்ன என்று பாருங்கள். கேம்பர் வேன் போன்ற மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்ற தனித் தரநிலை இருக்கிறது. சரக்கு வேன் என்றோ பயணிகள் வேன் என்றோ பதிவான வண்டிக்குள் படுக்கையும் அடுப்பும் இருந்தால், அந்த மாற்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அனுமதி பெற்றதா என்று கேட்க வேண்டும். அனுமதியற்ற மாற்றத்துக்கு உரிமையாளருக்கே தண்டனை உண்டு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

எதையெல்லாம் சோதிப்பது என்று தெரியாதவர்களுக்கு அமெரிக்க அனுபவம் உதவும். அங்கே இந்த வண்டிகளில் பெரும்பங்கு இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. தொழிற்சாலையில் கட்டிய வண்டிகளாக இருந்தும், அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் ரீகால் பட்டியலில் எரிவாயு இணைப்பின் தளர்வு, உரசித் தோல் உரிந்த மின்கம்பி, தவறாக அச்சிட்ட எடைச்சீட்டு போன்ற காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 2006-இல் டொமெட்டிக் நிறுவனம் எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டிகளைத் திரும்பப் பெற்றபோது, எண்ணிக்கை 9 லட்சத்தைத் தாண்டியது. கொதிகுழாயில் விரிசல் விட்டால் உள்ளிருக்கும் கரைசல் கசிந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதே காரணம். பெரிய தொழிற்சாலைக்கே தவறும் இடங்கள் இவை என்றால், பட்டறை வேலையில் நாம் தேட வேண்டிய இடங்களும் இவைதான்.

இரண்டாம் படி: எடை

ஆர்.சி.யில் வெற்று எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். டீசலையும் தண்ணீரையும் முழுவதும் நிரப்பி, சிலிண்டரை வைத்து, உடன் வரப்போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் மண்டி லாரிகள் எடை போடும் எடைமேடை ஒன்றுக்கு வண்டியை ஓட்டிச் செல்லுங்கள். முதலில் முழு வண்டியையும், பிறகு முன் அச்சை மட்டும், அடுத்துப் பின் அச்சை மட்டும் நிறுத்தி மூன்று சீட்டு வாங்குங்கள். மொத்த எடை சரியாக இருந்தாலும் பங்கீடு தவறாக இருக்கலாம். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் இரண்டு சேர்ந்தால் ஏறக்குறைய இன்னொரு 100 கிலோ. இடம் கிடைத்தது என்பதற்காக இவற்றையெல்லாம் பின் அச்சுக்கும் பின்னால் வைத்துக் கட்டியிருந்தால் முன் சக்கரங்களின் பிடி குறைந்துவிடும். குன்னூர்ச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்த பிறகும் வண்டி நேராகப் போகப் பார்ப்பது அப்போதுதான். இடது வலது பாரமும் கவனிக்க வேண்டியது: சமையல் மேடையும் தொட்டியும் ஒரே பக்கம் இருந்தால் சமதளத்திலேயே வண்டி சாய்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். எடை மீறியிருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அதற்குப் பிந்தைய படிகள் எல்லாமே இந்த எடையை நம்பி இருப்பவை.

மூன்றாம் படி: பிரேக்

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலைப் பல முறை மிதியுங்கள். அது இறுகியதும் காலை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்பினால் பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்யவில்லை. அடுத்து, பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருங்கள். மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால் எங்கோ கசிவு இருக்கிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் அது 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சாகிவிடும். எப்போது மாற்றியது என்று விற்பவருக்குத் தெரியவில்லை என்றால் மாற்றிவிட்டே மலை ஏறுங்கள்.

சமவெளியில் நன்றாகப் பிடித்த பிரேக் ஊட்டியில் கனமாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு. வெற்றிடத்தில் இயங்கும் பூஸ்டர் தரும் உதவியும் அதற்கேற்பக் குறைகிறது. எடை கூடிய வேனுக்கு இது சின்ன விஷயமல்ல. சோதனை ஓட்டத்துக்குக் குன்னூர் வரை ஏறி, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பர்லியாறில் நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் உள்ளங்கையை அருகில் காட்டிச் சூட்டைப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகக் கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகம் விரிசல் விடும். கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளை இந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அறிமுகமில்லாத வண்டிக்கு அது பொருத்தமான இறக்கம் அல்ல.

நான்காம் படி: எரிவாயு

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் பெட்டி வண்டியின் உட்புறத்திலிருந்து முழுவதும் அடைபட்டு, அடித்தளத்தில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். உயரத்தில் ஜன்னல் வைத்திருப்பது இதற்கு மாற்றாகாது. சிலிண்டரைத் திறந்து, அடுப்பை அணைத்த நிலையில் எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்தால் கசிவு. மலைச் சாலையில் ஓட்டி வந்த பிறகு இதை மறுபடியும் செய்ய வேண்டும், ஏனெனில் அதிர்வில்தான் இணைப்புகள் தளர்கின்றன. ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் ஆண்டைப் பார்த்து, 5 ஆண்டு கடந்ததை மாற்றிவிடுங்கள்.

உறைபனிக் காலத்தில் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பையோ கரியையோ எரித்துக் குளிர் காய்வது உயிரைப் பறிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதைக் காட்டும் அலாரம் படுக்கைக்கு அருகில் இல்லாத வண்டியை முழுமையாகக் கட்டிய வண்டி என்று நான் ஏற்கமாட்டேன்.

ஐந்தாம் படி: வயரிங், கூரை, இருக்கை

12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1,000 வாட் எடுக்கும் இன்வெர்ட்டர் 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு வீட்டு வயர் போதாது. பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் இருக்கிறதா, தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் வயருக்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறதா, இணைப்புகள் முறுக்கி டேப் சுற்றியவையா என்று பாருங்கள். முறுக்கி டேப் சுற்றியது ஒன்று கண்ணில் பட்டாலும், பலகைக்குப் பின்னால் தெரியாதவையும் அப்படித்தான் என்று கொள்ளலாம்.

கூரைமேல் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரை அடித்துவிட்டு அலமாரிகளின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் வலுத்துப் பெய்யும் மாவட்டம் இது. பின் இருக்கை பெல்ட்டின் போல்ட் பிளைவுட்டில் இறங்கியிருந்தால் அந்த இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

ஆறாம் படி: குறையை எழுத்தில் கொடுப்பது

சேஸிஸ் பக்கக் குறை என்றால் படங்களோடும் சேஸிஸ் எண்ணோடும் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன் இணையதளத்தில் உள்ள ரீகால் பகுதியிலும் பதியுங்கள். புகார்கள் சேர்ந்தால்தான் விசாரணை தொடங்கும். பட்டறை வேலையில் குறை என்றால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம். நீலகிரியில் குடியிருப்பவர், பட்டறை வேறு மாவட்டத்தில் இருந்தாலும், உதகையில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். எதற்கும் பட்டறையின் ரசீது தேவைப்படும். முன்பணம் கொடுக்கும் முன் அதை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்; இல்லை என்று சொன்னால், எரிவாயுக் குழாயையும் வயரிங்கையும் முழுவதும் புதிதாகப் போடும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.