அப்புத்தளை வரை மோட்டார் சைக்கிளில்: தம்பதியராகப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்து, யாழ்ப்பாணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் மலையகம் போக நினைக்கும் தம்பதியர் முதலில் தேடி எடுக்கவேண்டியது காணி உறுதிப் பத்திரம். மழைச்சட்டை, கையுறை எல்லாம் அதற்குப் பிறகுதான். நாங்கள் எட்டு நாளுக்குப் போட்ட பயணம் ஐந்தாம் நாள் காலையில், அப்புத்தளைத் தேநீர்க் கடையொன்றில், சித்தப்பாவின் தொலைபேசி அழைப்போடு முடிந்தது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் பாதைக்கு வேண்டிய சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் கையில் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் அதற்கு ஒப்புதல் பெறவேண்டும். இல்லையென்றால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். உங்கள் பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய ஏ பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கார் ஓட்டும் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வந்து, பல்சரில் ஏறி உட்காருகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். "பொலிஸ் மறித்தால் நான் கதைக்கிறேன்" என்று மச்சான் சொல்வார். பொலிஸாரோடு கதைக்கலாம், காப்புறுதி நிறுவனத்தோடு யார் கதைப்பது? இந்த வேலையைக் கொழும்பில் இறங்கியவுடன் முடியுங்கள். ஊருக்குப் போய் எல்லோரையும் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றால், அதற்காக மறுபடியும் கொழும்புக்கு இறங்கவேண்டி வரும்.

இரவல் வண்டி என்றால் காப்புறுதிச் சான்றிதழும் வாகன வரி கட்டியதற்கான வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். இரண்டு பேருக்கும் ஒரு சிறிய பைக்கும் 150 சிசி இயந்திரம் தாராளம். பின் டயரின் பூவும் பிரேக்கும்தான் முக்கியம்.

பலர் ஓகஸ்ட் மாதத்தில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து, அப்படியே மலையேறுகிறார்கள். நாங்களும் 2025 ஓகஸ்டில் அப்படித்தான் போனோம். அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். கண்டியிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியா ஏறும்வரை மழை விட்டுவிட்டுப் பெய்யும். நுவரெலியாவைத் தாண்டி ஹக்கலை இறக்கத்தில் வெலிமடைப் பக்கம் திரும்பினால் வானம் வெளுத்துவிடும். அந்த மழையெல்லாம் மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கிழக்குப் பக்கத்து ஊவாவுக்கு வருவது காய்ந்த காற்று. நம் ஊரில் சோளகம் என்போமே, அதுவேதான். மலை இடுக்கில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளுகிற பலம் அதற்கு உண்டு. டிசம்பர், ஜனவரியில் எல்லாம் தலைகீழ். பதுளைப் பக்கம் நனையும். இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருப்பது பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான்.

நாங்கள் திரும்பி வந்து மூன்று மாதத்தில், நவம்பர் இறுதியில், டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்துப்போட்டது. நாங்கள் நின்று படமெடுத்த சரிவுகளில் எத்தனை இப்போது இருக்கின்றனவோ. போகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை அன்றன்றைக்குப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் அந்தப் பக்கமே வேண்டாம்.

ஏ9 வீதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு 321 கிலோமீட்டர், நல்ல வீதி, மாடுகளைப் பார்த்து ஓட்டவேண்டும். போரால் இந்த வீதி அடைபட்டிருந்த 1995இல் கிளாலிக் கடலில் படகில் இரவு முழுவதும் குந்தியிருந்து கடந்தவள் நான். ஆனையிறவைச் சில நிமிடங்களில் தாண்டியபோது, வண்டி ஓட்டிய என் கணவர் திரும்பி, "உப்பளம் பார்த்தாயா?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லவில்லை.

மலையில் நம்மவர்கள் காட்டும் ஒரு தோரணையையும் சொல்லவேண்டும். தேயிலைக்குள் இறங்கி, கொழுந்து எடுக்கும் பெண்களை நிறுத்திப் படம் எடுப்பது. அவர்கள் நிறையைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்கள்; நீங்கள் பிடித்து வைத்திருக்கும் பத்து நிமிடம் அவர்களுடைய கூடையில் குறையும். 1823 முதல் 200 ஆண்டுகளாக அந்த மலையில் இருக்கிறார்கள்; 1948இல் குடியுரிமையையும் பறிகொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தவர்களான எங்களுக்கும் அவர்களுக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் வீட்டில் அப்புத்தளைப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வேலைக்கு நின்றாள். எனக்கு ஏழு வயது, அவளுக்குப் பன்னிரண்டு இருக்கும். தலை பின்னிவிடுவாள். எந்தத் தோட்டம் என்று வீட்டில் ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. தேநீர்க் கடைக்காரரிடம் அவளைப் பற்றி விசாரிக்க வாயெடுத்தேன். "எந்தத் தோட்டம்மா?" என்றுதான் அவரும் கேட்டார். அந்த நேரத்தில்தான் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, எங்கே நிற்கிறீர்கள்?"

"அப்புத்தளையில், சித்தப்பா."

"நல்லது. அப்படியென்றால் வியாழக்கிழமைக்குள் வந்துவிடலாம்."

அன்று செவ்வாய்க்கிழமை.

அம்மா எனக்குச் சீதனமாக எழுதிய நான்கு பரப்பு வளவு ஒன்று சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை விற்பதென்று பேசியிருந்தோம். அவசரம் எதுவும் இருக்கவில்லை. இப்போது சுவிஸிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், சனிக்கிழமை திரும்புகிறார். அவரிடம் இரட்டைக் குடியுரிமை இருக்கிறது. வெளிநாட்டவர் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுத்த பிறகு, அந்தக் காகிதம் உள்ள ஆளுக்கு ஊரில் தனி மரியாதை. "இவரை விட்டால் இனி ஆள் கிடைக்காது" என்றார் சித்தப்பா. 2019இல் ரொறன்ரோவில் கையொப்பமிட்டு அனுப்பிய, எனக்குப் பதிலாகக் காணியை விற்க அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவம் உங்கள் கையில்தானே இருக்கிறது, நீங்களே முடியுங்கள் என்றேன். உறுதி எழுதும் நொத்தாரிசு ஏற்கவில்லையாம். அதில் என் கணவருடைய கையொப்பம் இல்லை.

இதைக் கவனமாக வாசியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஒல்லாந்தர் 1707இல் சட்டமாக்கிய வழமை; இந்தச் சம்மதத்தை எழுதி வைத்திருப்பது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். ரொறன்ரோவில் வீட்டுக் கடனை என் பெயரில் எடுத்து, என் சம்பளத்தில் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வளவை இவர் கலியாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை பார்த்திருப்பார். எல்லை எதுவென்று கேட்டால் தெரியாது. ஆனாலும் அவர் கையெழுத்து வைத்தால்தான் நான் விற்கலாம். ஆகவே வெளிநாட்டிலிருந்து தத்துவம் அனுப்புகிற பெண்கள் கணவனின் சம்மதத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.

நேரில் முடிப்பதென்றாலும் நினைத்தபடி முடியாது. விற்பவர், இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையொப்பமிடவேண்டும் என்பது 1840 முதல் இருக்கும் சட்டம். "வைத்துவிட்டுப் போகிறேன், பிறகு மற்றவர்கள் போடட்டும்" என்பதற்கு இடமில்லை. ஊரில் இறங்கிய முதல் மூன்று நாளுக்குள் நொத்தாரிசைப் பார்த்துவிடுங்கள். மலைக்குப் போவதை உறவுகளுக்குச் சொல்லுங்கள், திரும்பும் நாளைச் சொல்லாதீர்கள். நான் இரண்டையும் சொல்லியிருந்தேன், விடுதிப் பெயர் உட்பட.

அப்புத்தளையிலிருந்து திரும்பிய ஓட்டத்தைப் பற்றி இவர் பெருமையாகப் பேசுவார். பின்னால் இருந்தவள் நான், நம்பாதீர்கள். றம்பொடை இறக்கத்தில் அவசரத்தில் நான்காம் கியரிலேயே விட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். ஒரு வளைவில் கருகிய வாசனை வந்தது. பிரேக் மிதி தொளதொளத்துப் போயிருந்தது. ஓரத்தில் நிறுத்தி, ஆறட்டும் என்று அரை மணி நேரம் இருந்தோம். அந்த வருடம் மே மாதம் கெரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்ததும் இதே வீதியில்தான். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று மலைச் சாரதிகள் சொல்வார்கள். அதைக் காணி வியாபாரம் எதுவும் மனதில் இல்லாத நாளில் பழகிக்கொள்ளுங்கள். இதற்குள் சங்கிலி வேறு தளர்ந்து, இவர் அதைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இரவு வவுனியாவில் தங்கி, வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நொத்தாரிசின் அறையில் இருந்தோம். அவர் உறுதியை வாசித்தார். கிழக்கு ஒழுங்கை, வடக்கு சித்தப்பாவின் பெயர், அதற்குள் அடங்கிய பனை, வீடு, கிணற்றில் அரைப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை. கிணற்றின் பங்கு என்ற இடத்தில் சித்தப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை இறைத்தவர், வேலி கட்டியவர், ஓலை விழுந்தால் பொறுக்கியவர் அவர்தான். நான் இவ்வளவு நாளும் செய்தது பெயரை வைத்திருந்தது மட்டும். அவசரப்படுத்துகிறாரே என்று வவுனியா வரை அவரைத் திட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

இவர் கையொப்பமிட்டபோது விரலில் இருந்த சங்கிலி எண்ணெய் உறுதியின் ஓரத்தில் கறுப்பாக அப்பியது. நொத்தாரிசு முகம் சுளித்தார். வேறு தாள் எடுக்கவில்லை.

அப்புத்தளைக்குப் பக்கத்தில், மலையுச்சியில் இருந்து பார்க்கும் லிப்டன் இருக்கை என்ற இடத்தைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தம்பதன்னைத் தொழிற்சாலையிலிருந்து மேலே ஏறக்குறைய 7 கிலோமீட்டர், தேயிலைக்கு நடுவே ஒடுங்கிய வீதி. விடிந்ததும் போய்விடவேண்டும், பிறகு மூடுபனி மறைத்துவிடும் என்றார் கடைக்காரர். புதன்கிழமை அதிகாலை போவதற்காக நான்கரை மணிக்கு அலாரம் வைத்திருந்தேன், தினமும் அடிக்கும்படி. அதை நிறுத்த மறந்துவிட்டேன். வியாழன் அதிகாலை வவுனியா விடுதியில் அது அடித்தது. இவர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கதவடியில் போய் நின்றார்.