புதியவரைத் திருப்பி அனுப்பும் வழிகாட்டிகள்: திறமூலத் திட்டங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி மாணவி ஒருவர் தம் மடிக்கணினியில் உபுண்டு 24.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) வைத்திருக்கிறார் என்று கொள்வோம். பைத்தான் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரு திறமூலக் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) கருவியைப் பயன்படுத்திப் பார்க்க விரும்பி, அத்திட்டத்தின் அறிமுக வழிகாட்டியான ரீட்மீ கோப்பைத் திறக்கிறார். 'நிறுவுவது மிக எளிது' என்ற தலைப்பின் கீழ், பைத்தான் பொதிகளை (பேக்கேஜ்) நிறுவும் பிப் கருவிக்கான, பிப் இன்ஸ்டால் என்று தொடங்கும் ஒரே ஒரு வரி இருக்கிறது. அதை அப்படியே, கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் இடுகிறார். கருவி நிறுவப்படவில்லை; 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்விரான்மென்ட்' என்று தொடங்கும் நீண்ட பிழைச்செய்திதான் வருகிறது. திட்டத்தின் அரட்டை அறைக்குச் சென்று கேட்கிறார். முதலில் வரும் பதில், 'இது நூறு முறை கேட்ட கேள்வி, தேடிப் பாருங்கள்' என்பது. அடுத்த பதில் கனிவானது: 'கட்டளையின் கடைசியில் பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ் என்பதைச் சேர்த்துவிடுங்கள், சரியாகிவிடும்.'

முதல் பதில் மனத்தை நோகடிக்கிறது. இரண்டாவது பதில் கணினியை நோகடிக்கக்கூடும். உபுண்டுவிலும் டெபியனிலும் இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பல, பைத்தானை நம்பியே இயங்குகின்றன. பிப் கொண்டுவரும் பொதிகள் அவற்றோடு கலந்து குழப்பம் விளைவிக்கக் கூடாது என்பதற்காகவே, 2023இல் வெளிவந்த உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவற்றில் இந்தத் தடையை வைத்தார்கள். அந்தத் தடையை உடைக்கும் கட்டளைக்கு 'உடை' என்ற பெயரையே சூட்டியிருப்பதும் எச்சரிக்கைக்காகத்தான். ஆனால் இரண்டு பதில்களையும்விடப் பெரிய தவறாக எனக்குப் படுவது வேறொன்று: பதில் சொன்ன இருவருமே, அங்கே இருந்து பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும், அந்த ரீட்மீ கோப்பைத் தொடவில்லை. நூறு முறை ஒரே கேள்வி வந்திருக்கிறது என்றால், நூறு பேர் சோம்பேறிகள் என்று பொருளில்லை; வழிகாட்டியில் நான்கு வரிகள் குறைகின்றன என்று பொருள். நிரலில் ஒரு வழுவை (பிழையை) நூறு பேர் சுட்டிக்காட்டினால் நூறு பேரையும் திட்டாமல் வழுவைத் திருத்துகிறோம். ஆவணத்தின் வழுவுக்கு மட்டும் ஏனோ வேறு நீதி.

யாரும் தொடாமலே பழுதாகும் பக்கங்கள்

ஆவணத்தை ஒருமுறை சரியாக எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் மிகப் பரவலான தவறு. ஒரு சொல்லும் மாறாத பக்கம்கூட, அதைச் சுற்றியுள்ள உலகம் மாறுவதால் பொய்யாகிவிடுகிறது. திட்டங்களின் நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், 2020 அக்டோபர் 1 முதல் புதிய களஞ்சியங்களின் (திட்டக் கோப்புகளின் தொகுப்புகள்) முதன்மைக் கிளைக்கு (நிரலின் முதன்மை வடிவம்) 'மாஸ்டர்' என்பதற்குப் பதிலாக 'மெயின்' என்று பெயரிடத் தொடங்கியது. பழைய வழிகாட்டியைப் பார்த்து 'மாஸ்டர்' என்று தட்டுகிறவருக்கு அப்படி ஒரு கிளையே இல்லை என்ற பொருளில், ஆனால் அதைவிடப் புரியாத மொழியில், ஒரு பிழைச்செய்தி வரும். 2021 ஆகஸ்ட் 13 முதல் நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியின் கட்டளைகளுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. ஆயினும் 'உங்கள் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தாருங்கள்' என்று சொல்லும் பக்கங்கள் இன்னும் கிடைக்கின்றன. 2021 மே மாதத்தில் ஃப்ரீநோட் அரட்டைப் பின்னலிலிருந்து பெரும்பாலான திட்டங்கள் லிபெரா சாட் என்ற வேறொரு பின்னலுக்குக் குடிபெயர்ந்தன. 'உதவிக்கு ஃப்ரீநோடில் எங்களைக் காணலாம்' என்ற வரியை நம்பிப் போகிறவர், குடிபோன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்.

கிட்ஹப் 2017இல் நடத்திய திறமூலக் கருத்தாய்வில், முழுமையற்ற அல்லது காலாவதியான ஆவணங்கள் ஒரு சிக்கல் என்று 93 விழுக்காட்டினர் சொன்னார்கள். பங்களிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிப்பதாகவோ பங்களிப்பதே இல்லை என்றோ சொன்னார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை விளங்கிவிடும்.

இதற்கு நான் நம்பும் மருந்து, நிறுவல் வழிகாட்டியை ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன்னர் எதுவும் நிறுவப்படாத ஒரு புதிய மெய்நிகர்க் கணினியில் வரி வரியாக ஓட்டிப் பார்ப்பதாகும். மேலே சொன்ன மாணவிக்காக ரீட்மீயைத் திருத்த முனைகிறவர், 'முதலில் வென்வ் மூலம் ஒரு தனிச் சூழலை (இயங்குதளத்தின் பைத்தானைத் தொடாத இடம்) உருவாக்குங்கள்' என்று எழுதிவிட்டு நிம்மதியடைவார். புதிய உபுண்டுவில் ஓட்டிப் பார்த்தால்தான், அந்தக் கட்டளையும் தோற்கலாம், பைத்தான்3 வென்வ் என்ற பொதியை உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏப்ட் வழியே முதலில் நிறுவியாக வேண்டும் என்பது தெரியவரும். பராமரிப்பாளரின் கணினியில் அது என்றோ நிறுவப்பட்டு மறந்துபோயிருக்கும். ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டு நிரல்களைச் சோதிக்க இன்னும் நல்ல ஏற்பாடுகள் உள்ளன: பைத்தானின் டாக்டெஸ்ட் அவற்றைச் சோதனைகளாகவே ஓட்டும், ரஸ்ட் மொழியில் கார்கோ டெஸ்ட் கட்டளை, ஆவணக் குறிப்புகளில் உள்ள எடுத்துக்காட்டுகளையும் சேர்த்தே தொகுத்து ஓட்டிப் பார்த்துவிடும்.

தெரிந்தவருக்காகத் தெரிந்தவர் எழுதுவது

'வெறுமனே இதை ஓட்டுங்கள்', 'எல்லோருக்கும் தெரிந்தபடி', 'மிக எளிது' என்ற சொற்கள் எதையும் கற்றுத் தருவதில்லை. அவை செய்யும் ஒரே வேலை, அந்த இடத்தில் தடுக்கி விழுந்தவரைத் தனக்குத்தான் அறிவில்லை போலும் என்று எண்ண வைப்பதுதான். அவற்றை அழித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். வாக்கியத்துக்கு ஒரு குறையும் வராது.

சொற்களைவிடச் சின்னங்கள் இன்னும் மோசமாக ஏமாற்றும். டெர்மினல் கட்டளைகளுக்கு முன்னால் டாலர் குறியிடுவது பழைய வழக்கம். அது டெர்மினல் தானே காட்டும் தூண்டுகுறி, தட்டச்சு செய்ய வேண்டியதன்று என்பது பழகியவருக்குத் தெரியும். புதியவர் அதையும் சேர்த்தே நகலெடுத்து ஒட்டுவார். டாலர் என்ற கட்டளை இல்லை என்று கணினி சொல்லும். அதுபோலவே 'உங்கள் பயனர்பெயர்' என்பதைக் கோண அடைப்புக்குள் எழுதிக் காட்டுவதும். அதை மாற்றாமல் அப்படியே ஒட்டுகிறவருக்கு, பாஷ் (கட்டளைகளை வாசித்து இயக்கும் நிரல்) அந்தக் கோணக் குறியைக் கோப்பிலிருந்து உள்ளீடு எடுக்கும் ஆணையாகப் புரிந்துகொண்டு, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று பதில் தரும். தாம் எந்தக் கோப்பையுமே கேட்கவில்லையே என்று அவர் திகைப்பது நியாயம்தானே. இந்த இடத்தில் நீங்கள் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் முடிந்தது. வென்வ் சூழலை இயக்கும் கட்டளையும் லினக்ஸில் ஒன்று, விண்டோஸில் வேறொன்று. ஒன்றை மட்டும் எழுதிவிட்டு 'எல்லா இயங்குதளங்களிலும் இயங்கும்' என்று முகப்பில் பெருமை பேசும் திட்டங்கள் உண்டு.

ஆவணங்களைப் பயிற்சிப்பாடம், செய்முறை, உசாத்துணை (தேவைப்படும்போது தேடிப் பார்க்கும் பட்டியல்), விளக்கம் என நான்காகப் பிரித்துப் பார்க்கும் டயாடாக்சிஸ் என்ற முறையை டேனியேல் புரோசிடா வகுத்தார். புதியவரிடம் எல்லாச் செயற்கூறுகளின் பட்டியலையும் நீட்டி, 'எல்லாம் இதில் இருக்கிறது' என்பது, சமைக்கக் கற்க வந்தவரிடம் மளிகைப் பட்டியலைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். இணையதளங்களைக் கட்ட உதவும் ஜாங்கோவின் ஆவணங்களை நல்ல மாதிரியாகச் சொல்வேன். ஒரு வாக்கெடுப்புச் செயலியைப் படிப்படியாகக் கட்டும் பயிற்சிப்பாடம் அங்கே தனியாக இருக்கிறது. அதன் முதல் பகுதி தொடக்கத்திலேயே, ஜாங்கோ நிறுவப்பட்டிருக்கிறதா என்று அறியும் கட்டளையைத் தந்து, இருந்தால் திரையில் என்ன தெரியும், இல்லாவிட்டால் என்ன பிழை வரும் என்று இரண்டையும் சொல்லிவிடுகிறது. அடுத்து என்ன தெரிய வேண்டும் என்று சொல்லாத வழிகாட்டியில், புதியவர் மூன்றாம் படியில் செய்த பிழையை ஒன்பதாம் படியில்தான் கண்டுபிடிப்பார்.

'ஒரு சந்தேகம் கேட்கலாமா?'

உதவிக் களங்களுக்கு வரும் தமிழ் மாணவர்கள் பலர், 'வணக்கம், ஒரு சந்தேகம் கேட்கலாமா?' என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நம் வகுப்பறையில் அது மரியாதை. பன்னாட்டுத் திட்டங்களின் அரட்டை அறைகளிலோ, அனுமதி கேட்காமல் கேள்வியைக் கேட்பதே மரியாதை என்பது எழுதப்படாத விதி. ஆகவே அங்கே சிடுசிடுப்பான ஒரு சுட்டி (லிங்க்) அவர்களுக்குப் பதிலாகக் கிடைக்கிறது. அவர்கள் ஆங்கிலத்தில் 'டவுட்' என்று எழுதும்போதும் இதே கோளாறுதான்: நாம் சந்தேகம் என்று சொல்வது கேள்வியை, மறுமுனையில் இருப்பவர் காதில் அது அவநம்பிக்கையாக விழுகிறது. விதி எழுதப்படாதது என்பதே இங்கு தவறு. 'அனுமதி வேண்டாம், கேள்வியை நேரடியாகவே கேளுங்கள். பிழைச்செய்தியைப் படமாக அன்றி எழுத்தாக ஒட்டுங்கள். பதில் வர ஒரு நாள் ஆகலாம்' என்று களத்தின் தலைப்பிலேயே மூன்று வாக்கியம் இருந்தால், யாரையும் யாரும் திருத்த வேண்டிய தேவை எழாது.

நானும் இதில் குற்றவாளிதான். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சிறு திட்டத்தில் கேள்வி கேட்ட மாணவருக்கு, ஆவணத்தின் சுட்டியை மட்டும், ஒரு சொல்லும் சேர்க்காமல் பதிலாக இட்டேன். சுட்டி சரியான பக்கத்துக்குத்தான் சென்றது. ஆனால் அந்தப் பக்கம் மிக நீளமானது. அவருக்கு வேண்டியது அதன் நடுவில் ஒரு பத்தி. அவர் திரும்ப வரவில்லை. இன்று அதே கேள்வி வந்தால் இப்படி எழுதுவேன்: 'உங்கள் பிழைச்செய்தியில் ஏப்ட் என்று இருப்பதால் நீங்கள் டெபியன் அல்லது உபுண்டு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வழிகாட்டி பழையது, பிழை உங்களுடையதன்று. முதலில் இந்த இரண்டு கட்டளைகளை ஓட்டுங்கள். பிறகு டெர்மினலில் தூண்டுகுறிக்கு முன்னால் ஒரு பெயர் அடைப்புக்குள் தெரிகிறதா என்று சொல்லுங்கள்.' தட்டச்சு செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடமும் இல்லாத நாளில் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது, வேறொருவர் சொல்வார்.

லினக்ஸ் கருவகத்தின் (இயங்குதளத்தின் மைய நிரல்) தலைவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பல ஆண்டுகள் தாம் எழுதிய கடுஞ்சொல் மடல்களுக்காக 2018 செப்டம்பரில் மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் ஒதுங்கியிருந்தார். அதே நாட்களில் கருவகத் திட்டம், கன்ட்ரிப்யூட்டர் கவனன்ட் என்ற நடத்தை விதித்தொகுப்பை ஏற்றது. அந்தத் தொகுப்பை இன்று எண்ணற்ற திட்டங்கள் வைத்திருக்கின்றன. ஆனால் அதன் வார்ப்புருவில், முறையீட்டை யாரிடம் அனுப்புவது என்பதை நிரப்பச் சொல்லிச் சதுர அடைப்புக்குள் ஓர் இடம் விடப்பட்டிருக்கும். அதை நிரப்பாமலே கோப்பை ஏற்றிவைத்திருக்கும் களஞ்சியங்களைத் தேடினால் இன்றும் காணலாம். முறையிட ஆளில்லாத விதித்தொகுப்பு, விதித்தொகுப்பே இல்லாததைவிட மோசம் என்பது என் கருத்து.

களத்தைத் தேர்வதிலும் ஒரு முரண் உண்டு. டிஸ்கார்டு அரட்டைகள் பொதுத் தேடுபொறிகளில் அகப்படுவதில்லை; ஸ்லாக் அரட்டைச் செயலியின் கட்டணமில்லாத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் 90 நாட்களுக்கு முந்தைய செய்திகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. விடைகளையெல்லாம் அங்கே புதைத்துவிட்டு, 'தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கக் கூடாதா' என்று புதியவரைக் கடிவது என்ன நியாயம்? அரட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே கிடைத்த நல்ல விடையை அன்றே ஆவணத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

முதல் பங்களிப்பு வரும்போது

'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவருக்கு ஏற்ற பணி) என்ற முத்திரையைக் கடினமான பணிகளின் மேல் ஒட்டுவது, அந்தப் பணியை ஒருவர் கேட்டு வாங்கிய பிறகு பராமரிப்பாளரே பொறுமையிழந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடுவது, எவரும் பதிலே சொல்லாத கேள்வியை, 'அசைவில்லை' என்று காரணம் காட்டித் தானியங்கி மூடிவிடுவது ஆகிய மூன்றும் அடிக்கடி நடக்கின்றன. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்புக்குப் பரிசு தந்த ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, ஒரு டீ ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்புகளில் ஒன்றிரண்டு சொற்களை மட்டும் மாற்றி அனுப்பப்பட்ட வெற்று இணைப்பு வேண்டுகோள்கள் (புல் ரிக்வெஸ்ட்) பராமரிப்பாளர்களைத் திணறடித்தன. நிகழ்வின் நடுவிலேயே, விரும்பிப் பதிவு செய்த திட்டங்கள் மட்டும் பங்கேற்கலாம் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அந்தக் கசப்பில் ரீட்மீ திருத்தம் என்றாலே குப்பை என்று முடிவுகட்டியவர்களை நான் அறிவேன். வழிகாட்டி எங்கே தடுக்குகிறது என்பது நேற்றுத் தடுக்கி விழுந்தவருக்குத்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு வாரம் பழகிவிட்டால் அவருக்கும் அது மறந்துவிடும்.

ஆகவே அந்த மாணவியின் கருவி ஓடத் தொடங்கியதும், 'நீங்கள் செய்த இந்தப் படிகளையே ரீட்மீயில் சேர்த்து அனுப்ப முடியுமா? உலாவியில் பென்சில் படத்தைச் சொடுக்கினால் போதும்' என்று கேட்கலாம். வரும் நான்கு வரித் திருத்தத்தில் எழுத்துப்பிழை இருந்தால், மூன்று சுற்றுக் கருத்துரை எழுதித் திருப்பி அனுப்பாமல், பராமரிப்பாளரே அதைச் சரிசெய்து இணைத்துவிட்டு, அடுத்த வெளியீட்டுக் குறிப்பில் அவர் பெயரையும் எழுதலாம்.