முழுப்படமும் திரைக்குள்: 'ஃபிட்' காட்சியைச் சோதித்துப் பயன்படுத்தும் முறை

தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் சிராங்கூன் ரோடு ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளோடு நடந்து படமெடுத்துவிட்டு வீடு திரும்புபவரின் கேமராவில் சில நூறு படங்களாவது சேர்ந்திருக்கும். 24 மெகாபிக்சல் கேமரா என்றால் ஒவ்வொரு படமும் 6000 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்டது. அதைத் திறந்து பார்க்கும் திரையோ பெரும்பாலும் 1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்டதுதான். ஆகவே படத்திருத்த மென்பொருள் படத்தைச் சுருக்கித்தான் முழுதாகக் காட்ட முடியும். 'ஃபிட்' என்ற பெயரில் பட்டியலில் இருக்கும் இந்தக் காட்சியைப் பலர் யோசிக்காமலே அழுத்திப் பழகிவிட்டோம். அது சரியாக நடந்துகொள்கிறதா என்று பார்க்கும் வழியையும், எந்த வேலைக்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. திரை முழுவதும் படத்துக்குக் கிடைப்பதில்லை. மேலே பட்டியல், வலப்பக்கம் கருவிப் பலகம், கீழே சிறுபடங்களின் வரிசை ஆகியவை போக 1400-க்கு 800 பிக்சல் மிஞ்சுவதாகக் கொள்வோம். 1400-ஐ 6000-ஆல் வகுத்தால் 23.3 விழுக்காடு, 800-ஐ 4000-ஆல் வகுத்தால் 20 விழுக்காடு. இரண்டில் சிறியதைத்தான் மென்பொருள் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியதை எடுத்தால் படத்தின் மேலோ கீழோ வெட்டுப்படும். அதற்கு 'ஃபில்' என்று வேறு பெயர் உண்டு. சில மென்பொருள்களில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இருப்பதால் கை தவறி ஃபில்லை அழுத்திவிட்டு, காவடியின் உச்சி எங்கே போயிற்று என்று தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததுதான் முக்கியம். ஃபிட் என்பது 20 என்ற எண் அன்று. முழுப்படமும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நாம் மென்பொருளிடம் சொல்லிவைக்கும் ஒரு நிலை. நாமாகப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்யும்வரை அந்த நிலை நீடிக்க வேண்டும். மேற்சொன்ன படத்தைத் திறந்து ஃபிட்டில் வைத்துவிட்டு, கீழேயுள்ள சிறுபட வரிசையை மறைத்துப் பாருங்கள். உயரம் 920 பிக்சலாகக் கூடினால் படமும் 23 விழுக்காட்டுக்குத் தானே வளர வேண்டும். பிறகு படத்தை 90 பாகை திருப்புங்கள். இப்போது அது 4000 அகலமும் 6000 உயரமுமாக மாறிவிட்டதால், பழைய 800 பிக்சல் உயரத்தில் அது 13.3 விழுக்காட்டுக்குச் சுருங்கினால்தான் தலையும் காலும் தெரியும். இறுதியாக 3000-க்கு 3000 சதுரமாகக் கிராப் செய்தால், மிஞ்சிய பகுதி 26.7 விழுக்காட்டுக்கு விரிந்து இடத்தை நிரப்ப வேண்டும். இந்த மூன்று சோதனைகளில் எதிலாவது படம் பழைய அளவிலேயே நின்றுவிட்டால், அந்த மென்பொருள் ஃபிட்டை ஒருமுறை செய்யும் கட்டளையாகத்தான் வைத்திருக்கிறது என்று பொருள். அது பெருங்குற்றம் அன்று. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குறுக்குவிசையை அழுத்தப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

விண்டோஸ் கணினியில் போட்டோஷாப் பயன்படுத்துபவர்களுக்குக் கன்ட்ரோல் விசையுடன் 0 என்பது ஃபிட், கன்ட்ரோலுடன் 1 என்பது 100 விழுக்காடு, அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். அதே மென்பொருளில் கை வடிவக் கருவியை இருமுறை சொடுக்கினாலும் படம் திரைக்குள் பொருந்திவிடும். கிம்ப் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். கிம்ப்பின் படச்சாளரத்தில் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி வைத்தால் சாளரத்தின் அளவு மாறும்போதெல்லாம் படமும் உடன் மாறும். அந்த மூலையைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியவர்கள்கூடக் கவனிப்பதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு விதி உண்டு. நாமே 100 விழுக்காட்டுக்குப் போய் ஒருவரின் கண்ணிமையைத் திருத்திக்கொண்டிருக்கும்போது பலகத்தை மூடினால், படம் சட்டென்று ஃபிட்டுக்குத் தாவக் கூடாது. நிலையை மாற்றியவர் நாம் என்பதால் அதை மீட்கும் உரிமையும் நமக்கே உரியது. அதேபோலப் பெரிதாக்கியதும் சிறிதாக்கியதும் 'அண்டூ' வரிசையில் சேரக் கூடாது. ஒரு தூரிகைத் தீற்றலை நீக்க நினைத்து அண்டூ செய்தால் திரை முன்னும் பின்னும் ஆடுவது எரிச்சலைத்தான் தரும்.

சிறிய படங்களுக்கு ஃபிட் வேறு விதமாக நடக்க வேண்டும். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு இணையம்வழி விண்ணப்பிக்கும்போது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் கேட்கும் படம் 400 பிக்சல் அகலமும் 514 பிக்சல் உயரமும் கொண்டது. அதை நமது 1400-க்கு 800 இடத்தில் கண்மூடித்தனமாகப் பொருத்தினால் 155 விழுக்காட்டுக்கு மேல் ஊதிப்போகும். முகம் மங்கியது போலத் தெரியும். படம் நன்றாகவே இருக்க, மங்கலாக இருப்பதாக எண்ணி மீண்டும் படமெடுக்கப் போகிறவர்கள் உண்டு. என் கருத்தில், இடத்தைவிடச் சிறிய படத்தை மென்பொருள் 100 விழுக்காட்டிலேயே நடுவில் நிறுத்த வேண்டும். உங்கள் மென்பொருள் அப்படிச் செய்யாவிட்டால், இத்தகைய படங்களை 100 விழுக்காட்டில் வைத்தே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இனி, சுருக்கும் விதம். 20 விழுக்காடு என்றால் திரையின் ஒரு பிக்சல் படத்தின் 25 பிக்சல்களுக்குப் பதிலாளாக நிற்கிறது. வேகத்துக்காக அந்த 25-இல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் மென்பொருளில், கெர்பாவ் ரோட்டிலுள்ள டான் டெங் நியா இல்லத்தின் வரிவரியான சன்னல் கதவுகளிலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் சன்னல் கம்பிகளிலும், பட்டுச் சேலையின் சரிகையிலும் இல்லாத அலைக்கோலங்கள் தோன்றும். மெல்லிய கம்பிகள் துண்டுதுண்டாக உடைந்து தெரியும். எல்லா 25-ஐயும் சராசரியாக்கிச் சுருக்கும் மென்பொருளில் இந்தச் சிக்கல் பெரிதும் அடங்கும். உங்கள் மென்பொருள் எந்த வகை என்பதை அறிய, கம்பிகள் நிறைந்த ஒரு படத்தை ஃபிட்டில் வைத்துச் சாளரத்தின் விளிம்பை மெல்ல இழுத்துப் பாருங்கள். கோலங்கள் இடம் மாறி நெளிந்தால் அவை படத்தில் இல்லை, சுருக்கத்தில்தான் இருக்கின்றன. 100 விழுக்காட்டிலும் அவை அசையாமல் நின்றால் கேமராவே பதிவு செய்தவை. அப்போதுதான் திருத்தத்தில் இறங்க வேண்டும்.

சராசரியாக்குவதிலும் ஒரு மயக்கம் ஒளிந்திருக்கிறது. 25 பிக்சல்களைச் சராசரியாக்கும்போது அவற்றில் தாறுமாறாகச் சிதறியிருக்கும் பொடிப்புள்ளிகள், அதாவது இரைச்சல், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இரவில் ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறனை 6400-க்கு ஏற்றி எடுத்த தீபாவளி ஒளியூட்டுப் படம் ஃபிட்டில் வழுவழுப்பாகத் தெரிவது இதனால்தான். கூர்மையும் அப்படியே ஏமாற்றும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பூசப் படத்தை ஃபிட்டில் பார்த்துக்கொண்டே, வேலின் நுனி இன்னும் பளிச்சென்று வரவேண்டும் என்று கூர்மையை ஏற்றிக்கொண்டே போனேன். திரையில் மாற்றம் தெரியவில்லை. அதனால் மேலும் ஏற்றினேன். பெரிய அளவில் அச்சிட்டு வந்தபோது வேலைச் சுற்றியும் பக்தரின் தோளைச் சுற்றியும் வெள்ளைக் கோடு வரைந்தது போல ஒளிவட்டம். அச்சகத்தாரிடம் கேட்கலாம் என்று கிளம்பியவன், போகும் முன் 100 விழுக்காட்டில் பார்த்துவிட்டு வீட்டிலேயே அடங்கிவிட்டேன். லைட்ரூம் கிளாசிக் என்ற மென்பொருள், கூர்மையையும் இரைச்சலையும் திருத்தும் பலகத்தில், காட்சி 100 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் ஓர் ஆச்சரியக்குறியைக் காட்டி எச்சரிக்கும். அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஒளி, நிறம், கட்டமைப்பு, சாய்வு ஆகியவற்றுக்கு ஃபிட். கூர்மை, இரைச்சல், தூசுப்புள்ளி ஆகியவற்றுக்கு 100.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரே விசையில் போய்வர முடிவதே நல்ல மென்பொருளின் அடையாளம். லைட்ரூமில் இஸட் விசை அந்த வேலையைச் செய்கிறது. ஃபிட்டில் இருக்கும்போது முகத்தின் மேல் சொடுக்கினால் அந்த முகமே 100 விழுக்காட்டில் திரைக்கு வர வேண்டும். படத்தின் நடுப்பகுதி வந்து நின்றால் பயனில்லை. திருமணக் குழுப்படங்களைத் தெரிவு செய்யும்போது இது பெரிய உதவி. ஒரே இடத்தில் நின்று எடுத்த ஐந்து படங்களில் தாத்தா எதில் கண்ணை மூடவில்லை என்று பார்க்க, அவர் முகத்தைப் பெரிதாக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போனால், அதே இடம் அதே அளவில் தொடர வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஃபிட்டுக்குத் திரும்பிவிடும் மென்பொருளில் ஐந்து படங்களுக்கு ஐந்து முறை தாத்தாவைத் தேட நேரிடும்.

4கே திரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை தேவைப்படும். எழுத்துகள் பொடியாகத் தெரியாமலிருக்க இயங்குதளத்தில் 200 விழுக்காடு என்று வைத்திருப்பீர்கள். அப்போதும் 100 விழுக்காடு என்பது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு மெய்யான பிக்சல் என்றுதான் பொருள்பட வேண்டும். சரியாகக் கணக்கிடும் மென்பொருளில் நமது 1400-க்கு 800 இடம் இப்போது 2800-க்கு 1600. ஃபிட்டின் எண் 20-க்குப் பதிலாக 40 என்று காட்ட வேண்டும். இன்னும் 20 என்றே காட்டினால் அதன் 100 உண்மையில் 200. கூர்மையான படம்கூட அதில் சற்றுச் சொதசொதவென்று தெரியும். அத்தகைய மென்பொருளில் கூர்மையைப் பார்க்க 50 விழுக்காட்டைப் பயன்படுத்துங்கள்.

கடைசியாக, ஓரம். ஃபிட்டில் படம் பலகங்களை ஒட்டிக்கொண்டு நிற்காமல் நாற்புறமும் பத்துப் பதினைந்து பிக்சல் இடைவெளி விட்டு, சாம்பல் நிறப் பின்னணியில் நிற்க வேண்டும். கிராப்பின் மூலைப்பிடிகளைப் பிடிக்க அந்த இடம் வேண்டும். படத்தின் வெண்மை எங்கே முடிகிறது என்பதும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். உங்கள் மென்பொருள் இடைவெளி விடாவிட்டால், கிராப் செய்யும்போது மட்டும் ஃபிட்டிலிருந்து ஒரு படி சிறிதாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.