முன்பணப் பராமரிப்புத் திட்டம் வாங்கலாமா? கையெழுத்துக்கு முன் ஒரு தாளில் போட வேண்டிய கணக்கு

புதிய காரின் விலையைப் பேசி முடித்து, கடன் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் வேளையில்தான் பெரும்பாலும் முன்பணப் பராமரிப்புத் திட்டம் மேசைக்கு வருகிறது. அடுத்த சில ஆண்டுகளுக்கான சர்வீஸ் செலவை இப்போதே கட்டிவிட்டால், பிறகு விலை ஏறினாலும் கவலை இல்லை என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு உங்களுக்குப் பொருந்துமா என்பதை வண்டியின் கையேடும் நீங்கள் ஓட்டும் தூரமும்தான் தீர்மானிக்கும். என் வண்டிக்காக நான் போட்ட கணக்கின் முறையை இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எரிபொருளில் ஓடும் வண்டிகளுக்கான முறை இது. மின்சார வண்டியைப் பற்றிப் பிற்சேர்க்கையில் சொல்கிறேன்.

படி 1: கையில் இருப்பது எந்தத் திட்டம்?

நீட்டிப்பு வாரண்டி வேறு, பராமரிப்புத் திட்டம் வேறு. எதிர்பாராமல் பழுதாகும் பாகங்களுக்கானது முதலாவது. எப்போது வரும் என்று முன்பே தெரிந்த ஆயில் மாற்றம், ஃபில்டர் மாற்றம் போன்ற வேலைகளுக்கானது இரண்டாவது. முன்பே தெரிந்த செலவில், காப்பீடு தேவைப்படும் அபாயம் எதுவும் இல்லை என்பதால், இதை வெறும் முன்பணமாகவே கருதி, கூட்டல் கழித்தலால் மட்டும் முடிவெடுக்கலாம். இரண்டையும் ஒரே விலையில் சேர்த்துக் கொடுத்தால், தனித்தனி விலையைக் கேட்டு வாங்கிய பிறகே மேலே செல்லுங்கள்.

படி 2: கையேட்டின் அட்டவணையை எடுத்து வையுங்கள்

திட்டத்தின் வண்ணத் துண்டறிக்கையை ஒதுக்கிவிட்டு, உற்பத்தியாளரின் கையேட்டில் உள்ள பராமரிப்பு அட்டவணையைத் திறக்க வேண்டும். பல கையேடுகளில் ஒவ்வொரு கட்டத்திலும் ‘சோதி’ அல்லது ‘மாற்று’ என்று பொருள்படும் ஓரெழுத்துக் குறி இருக்கும். பணம் செலவாவது பெரும்பாலும் மாற்று என்ற கட்டங்களில்தான். நீளமான பட்டியலைக் காட்டி இத்தனை அம்சங்கள் அடங்கும் என்று சொல்லும்போது, அவற்றில் பாதிக்கு மேல் வெறும் சோதனையாக இருக்கக்கூடும்.

ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அடிக்கடி வரும். காற்று ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் சற்றுத் தள்ளி வரும். பிரேக் திரவத்தைப் பல வண்டிகளில் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இரிடியம் வகை ஸ்பார்க் பிளக் 1,00,000 கி.மீ. வரைகூடத் தாங்கும் என்பதால், அது திட்டக் காலத்துக்குள் வருவதே அரிது. கடினமான பயன்பாட்டுக்கென்று தனி அட்டவணை இருந்தால் அதையும் படியுங்கள். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்கள், புழுதி, நெரிசலில் ஊர்ந்து செல்வது, பாரம் இழுப்பது ஆகியவை அந்த வகையில் சேரும். உங்கள் ஓட்டம் அப்படிப்பட்டதாக இருந்து, திட்டமோ சாதாரண அட்டவணையை மட்டும் பின்பற்றினால், இடையில் வரும் ஆயில் மாற்றங்கள் உங்கள் செலவில்தான் நடக்கும்.

படி 3: திட்டத்தின் எல்லையும் உங்கள் தூரமும்

நான் அதிக நேரம் செலவிட்ட படி இதுதான். தெளிவாகத் தோன்றும் ‘4 ஆண்டு அல்லது 40,000 கி.மீ., எது முந்தியதோ அது’ என்ற ஒரு வரிக்குள் மூன்று வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, உங்களுக்கு உண்மையில் எத்தனை சர்வீஸ் கிடைக்கும் என்பது. சர்வீஸ் 10,000 கி.மீ. அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை என்று கொள்வோம். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டுபவருக்கு இந்தத் திட்டம் இரண்டே ஆண்டில் தீர்ந்துவிடும். ஆனால் நான்கு சர்வீஸும் கிடைத்துவிடும். ஆண்டுக்கு 6,000 கி.மீ. ஓட்டுபவருக்கும் காலக் கணக்கில் நான்கு சர்வீஸ் வரும். எனினும் திட்டம் முடியும்போது வண்டி 24,000 கி.மீ.தான் ஓடியிருக்கும் என்பதால், அதற்கு மேற்பட்ட தூரத்தை மட்டும் வைத்துக் குறிக்கப்பட்ட வேலைகள் அவரை எட்டவே எட்டா. இருவரும் கட்டும் தொகை ஒன்றே.

இரண்டாவது, எல்லைக் கோட்டில் விழும் சர்வீஸ் உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பது. செலவு மிகுந்த பெரிய சர்வீஸ் பெரும்பாலும் இப்படிப்பட்ட முழு எண்களில்தான் வரும். மீட்டரில் 40,300 கி.மீ. காட்டும் நிலையில் வண்டியைக் கொண்டுபோய் விட்டால் ஏற்பார்களா? சில திட்டங்களில் சிறிது சலுகை தூரமும் சலுகை நாட்களும் உண்டு, சிலவற்றில் இல்லை. வாய்மொழி பதில் போதாது. ஒப்பந்தத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு சர்வீஸைத் தவறவிட்டால் அது அடுத்ததற்கு மாறுமா, காலாவதியாகுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது. உற்பத்தியாளர் தொடக்க சர்வீஸ்களை இலவசமாகத் தருவதாக இருந்தால், திட்டம் அவற்றுக்குப் பிறகு தொடங்குகிறதா, அவற்றின் மீதே படிகிறதா என்று பாருங்கள். மீது படிந்தால், ஏற்கெனவே வண்டி விலையில் அடங்கிய வேலைக்கு இரண்டாம் முறை பணம் கட்டுகிறீர்கள்.

படி 4: பணக் கணக்கு

ஒவ்வொரு சர்வீஸுக்கும் இன்றைய மதிப்பீட்டை, பாகம், கூலி, வரி என்று பிரித்து, விற்பனைப் பிரிவில் கேட்காமல் சர்வீஸ் பிரிவில் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக் காலத்திலும் வெளி ஒர்க்‌ஷாப்புக்குச் செல்லும் எண்ணம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். இதற்கு இணையக் கணிப்பான்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை எதைச் சேர்த்தன, எதை விட்டன என்பது தெரியாது. ஐந்து வரிசை கொண்ட ஒரு விரிதாள் போதும். ஒரு காகிதம்கூடப் போதும்.

எடுத்துக்காட்டாக, ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் முறையே 8, 14, 10, 28, 10 அலகு செலவாகும் என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 70. ஆனால் இவற்றை நீங்கள் இன்றே கட்டுவதில்லை. உங்கள் சேமிப்பு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி ஈட்டுமானால், அந்த ஐந்து செலவுகளையும் சமாளிக்க இன்று சுமார் 58 அலகு ஒதுக்கினாலே போதும். ஆகவே திட்டத்தின் விலை 58-க்குக் கீழே இருந்தால், சர்வீஸ் கட்டணம் ஏறாவிட்டாலும் அது இலாபம். கட்டணமும் ஆண்டுக்கு அதே 6 சதவீதம் ஏறும் என்றால் நியாயமான விலை 70. அதற்கும் மேலே கேட்டால், கட்டணம் உங்கள் வட்டியை விட வேகமாக ஏறும் என்று நீங்கள் பந்தயம் கட்டுவதாகப் பொருள்.

திட்டத்தின் விலையைக் கார் கடனோடு சேர்த்துவிடலாம் என்பார்கள். 9 சதவீத வட்டியில், ஐந்தாண்டு மாதத் தவணையில் 100 அலகைச் சேர்த்தால், கட்டி முடிக்கும்போது அது ஏறத்தாழ 124.5 ஆகியிருக்கும். மேலே சொன்ன சேமிப்பு எதையும் இந்த ஒரு முடிவு விழுங்கிவிடும். திட்டம் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டுங்கள். விலையையும் பேரம் பேசுங்கள், பல இடங்களில் குறைப்பார்கள்.

படி 5: ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை

பொறுப்பேற்பது உற்பத்தியாளரா, டீலரா, மூன்றாம் நிறுவனமா என்பதுதான் முதல் கேள்வி. டீலர் மட்டும் என்றால், நீங்கள் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தாலோ அவர் கடையை மூடினாலோ பணம் திரும்புவது கடினம். வண்டியை விற்றால் திட்டம் புதியவருக்கு மாறுமா, இடையில் ரத்து செய்தால் பயன்படுத்தாத பங்கு திரும்புமா என்பவை அடுத்தவை. பிரேக் பேட், கிளட்ச், வைப்பர், டயர், பேட்டரி போன்ற தேய்மானப் பொருட்கள் பல திட்டங்களில் அடங்குவதில்லை. சக்கர அலைன்மென்ட்டும் அப்படியே. நிரப்பப்படும் ஆயில் கையேடு கேட்கும் தரத்திலானதா என்றும் எழுத்தில் இருக்கட்டும்.

என் கருத்தில், ஆண்டுதோறும் நிறைய ஓட்டுபவர், பெரிய சர்வீஸ் எல்லைக்குள் விழுபவர், வண்டியை முழுக் காலமும் வைத்திருக்கப்போகிறவர் ஆகியோருக்கே இது பெரும்பாலும் ஒத்துவரும். குறைவாக ஓட்டுபவருக்கும் சில ஆண்டுகளில் வண்டி மாற்றுபவருக்கும், தள்ளுபடி மிகப் பெரிதாக இருந்தாலொழிய, வேண்டாம் என்பேன்.

பிற்சேர்க்கை

வெளியே சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடுமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இது நாட்டின் சட்டத்தையும் வாரண்டி நிபந்தனையையும் பொறுத்தது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, குறிப்பிட்ட கடையிலேயே பணம் கொடுத்துச் சர்வீஸ் செய்தால்தான் வாரண்டி என்று பொதுவாக நிபந்தனை விதிக்க முடியாது. எங்கே செய்தாலும் தேதி, மீட்டர் அளவு, ஆயிலின் தரம் குறித்த பில்களைப் பத்திரமாக வையுங்கள். மேலும், டீலரிடமே சர்வீஸ் செய்த வரலாறு மறுவிற்பனைக்கு உதவும் என்பது சரியே. ஆனால் அவ்வப்போது பணம் கட்டிச் செய்தாலும் அதே வரலாறுதான் கிடைக்கும்.

மின்சார வண்டியில் எஞ்சின் ஆயிலும் ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ஏசி ஃபில்டர், பிரேக் திரவம், கூலன்ட், டயர் இடமாற்றம் போன்றவையே மிஞ்சும் என்பதால், எரிபொருள் வண்டிக்கான விலையை ஒட்டி ஒரு திட்டத்தை நீட்டினால், படி 2-இலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று: பல திட்டங்களை வண்டி வாங்கும் நாளில்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, முதல் சர்வீஸ் வரையிலோ குறிப்பிட்ட மாதங்கள் வரையிலோ அவகாசம் இருக்கும். கடைசி நாள் எது என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு மீட்டரைப் பார்த்து, படி 3-ஐ உண்மையான தூரத்தோடு மீண்டும் போட்டுப் பாருங்கள்.